படத்தில் பார்த்ததே பார்சலில் வரணும்

கையால் செய்த நகைகளை ஆன்லைனில் விற்கிறவர்கள், அவற்றை எப்படிப் படமெடுப்பது என்று கேட்டு நிறைய எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் சில கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். நகைக்கடை விளம்பரங்களுக்குப் படமெடுக்கும் ஸ்டூடியோவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது மதுரையில் மகளிர் குழுக்களுக்கு போன் கேமரா வகுப்பு எடுக்கிறேன். அங்கே பெண்கள் என்னிடம் கேட்பதும் உங்கள் கடிதங்களில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அக்கா, பட்டு நூல் வளையலும் ஜிமிக்கியும் செய்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். நாற்பதாயிரம் ரூபாய்க்கு கேமரா வாங்கலாம் என்று நினைக்கிறேன். குழுவில் கடன் கிடைக்கும். வாங்கட்டுமா?
— வாசகி, திண்டுக்கல்

வேண்டாம். அந்தக் கடனை நூலும் கல்லும் வாங்கப் போடுங்கள். உங்கள் வாடிக்கையாளர் உள்ளங்கை அளவு திரையில்தான் படத்தைப் பார்க்கிறார். அதற்கு இப்போது கையில் இருக்கிற போன் தாராளமாகப் போதும். சில நூறு ரூபாயில் ஒரு சின்ன டிரைபாட், இரண்டு வெள்ளை சார்ட், இரண்டு தெர்மாகோல் அட்டை, ஒரு டிரேசிங் பேப்பர், இவ்வளவுதான் செலவு.

படம் எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். அடுப்படியிலிருந்து வந்த கையோடு எடுக்கும் போனில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். வகுப்பில் பாதிப் பேருடைய ‘மங்கல்’ புகார் துடைத்த உடனே தீர்ந்துவிடுகிறது.

அப்புறம், நகைக்குப் பக்கத்தில் போய் முட்டாதீர்கள். ரொம்ப நெருங்கினால் ஒன்று போகஸ் ஆகாது, இல்லையென்றால் சில போன்கள் தாமாகவே 0.5 என்று குறித்திருக்கும் அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். அதில் முன்னால் இருக்கும் கல் பெரிதாகவும் பின்னால் இருப்பது சின்னதாகவும் வந்து, வட்ட வளையல் முட்டை வடிவத்தில் தெரியும். ஒரு முழம் தள்ளி நின்று 2x வைத்து எடுங்கள். விலை குறைந்த போன்களில் ‘மேக்ரோ’ என்று 2 மெகாபிக்சலில் ஒன்று கொடுத்திருப்பார்கள், அதைத் தொடவே வேண்டாம். டிரைபாடில் போனை மாட்டி, நகைமேல் விரலை வைத்து அழுத்தி போகஸைப் பூட்டி, மூன்று விநாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

கோல்டு பாலிஷ் ஜிமிக்கி எடுக்கும்போது அதில் நானே தெரிகிறேன். மின்விசிறி, ஜன்னல் கம்பி, போன் எல்லாம் தெரிகிறது. என்ன செய்வது?
— வாசகி, கோவில்பட்டி

இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். நகைப் படத்தில் முக்கால்வாசி வேலை இதுதான்.

பளபளக்கும் உலோகம் எதிரே இருப்பதைத்தான் காட்டும். சமமான தகடு என்றால் எதிரே இருக்கிற ஒன்றைக் காட்டும். ஜிமிக்கியின் குடை உருண்டையாக இருப்பதால் அறை முழுவதையும் சுருக்கித் தன்மேல் எழுதிக்கொள்ளும். உங்கள் அறைச் சுவர் கிளிப்பச்சை என்றால் வெள்ளிக் கொலுசிலும் பச்சை ஏறும். சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு எடுத்தால் குடையின் நடுவில் ஒரு சிவப்புத் தீற்று நிற்கும். பாலிஷ் போய்விட்டது என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார். எத்தனை முறை தேய்த்துத் துடைத்தாலும் அந்தத் தீற்று போகாது, ஏனென்றால் அது நகையில் இல்லை.

அதனால் நகையைச் சுற்றி வேறொரு சின்ன அறையைக் கட்ட வேண்டும். ஜன்னலோரமாக ஒரு மேஜை. ஜன்னல் பக்கம் டிரேசிங் பேப்பர். எதிர்ப்பக்கமும் பின்னாலும் தெர்மாகோல் அட்டை. மேலேயும் டிரேசிங் பேப்பர். முன்பக்கம் ஒரு வெள்ளை சார்ட், அதில் லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஓட்டை. இப்போது ஜிமிக்கிக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைதான்.

எடுத்துப் பாருங்கள், மின்விசிறி போயிருக்கும், நீங்களும் போயிருப்பீர்கள். ஆனால் ஜிமிக்கியும் சப்பென்று இருக்கும். குடைக்கு விளிம்பே தெரியாது, மஞ்சள் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். நிறைய பேர் இங்கேதான் சலித்துப்போய் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இன்னும் ஒரு படிதான் பாக்கி. கறுப்பு சார்ட்டில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு கீற்று வெட்டுங்கள். அதை நகைக்குப் பக்கவாட்டில், படத்துக்குள் வராதபடி நிறுத்துங்கள். குடையின் ஓரத்தில் ஒரு மெல்லிய கருங்கோடு விழும். அந்தக் கோடு வந்தவுடன் ஜிமிக்கி உருண்டு திரண்டு எழுந்து நிற்கும். கீற்றை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திரையில் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே, குடையின் வளைவோடு அது ஓடுகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். கடைகளின் பெரிய விளம்பரங்களில் தங்கம் அவ்வளவு கனமாகத் தெரிவதற்கும் இந்தக் கறுப்புதான் காரணம். வெளிச்சத்தை எல்லோரும் தேடிப் போகிறோம், நகைக்கு இருட்டும் வேண்டும்.

ஜிமிக்கியைத் தூண்டில் நரம்பில் தொங்கவிடுங்கள். ஆட்டம் நிற்கும்வரை பொறுங்கள். தொடுவதற்கு முன் பருத்திக் கையுறை, இல்லையென்றால் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் பிடியுங்கள். குடைக்கு அடியில் தொங்கும் முத்துகளுக்கு இடையில் தூசி இருந்தால் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத தூசி, படத்தைப் பெரிதாக்கினால் அரிசிக் குருணை அளவுக்குத் தெரியும்.

வடக்குப் பார்த்த ஜன்னலில் எடுத்தால் வெயில் விழாது, வெளிச்சம் மென்மையாக இருக்கும் என்கிறார்கள். என் வீட்டு வடக்கு ஜன்னலில் வைகாசியில் நல்ல வெயில் அடிக்கிறது. நான் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டேனா?
— வாசகி, திருநெல்வேலி

நீங்கள் பார்த்ததுதான் சரி. அந்த யோசனை ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்தது. அங்கே சூரியன் வருடம் முழுக்க உச்சிவேளையில் தெற்கே சாய்ந்தே இருக்கும். நாம் இருப்பது கடகரேகைக்குத் தெற்கே. மதுரையில் சித்திரை பிறந்த சில நாளிலிருந்து ஆவணி பத்துத் தேதி வாக்கில் வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. உங்கள் ஊர் இன்னும் தெற்கே இருப்பதால் பங்குனிக் கடைசியிலேயே அது தொடங்கிவிடும். உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் இருப்பதால் சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் சாயங்காலமும்தான் சாய்வாக உள்ளே வரும்.

ஆகவே இந்த மாதங்களில் காலை பத்து முதல் மூன்று மணிவரை வடக்கு ஜன்னல் நன்றாக இருக்கும். மற்ற நேரத்தில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாக ஜன்னலில் கட்டுங்கள். பலமுறை துவைத்து மெலிந்த வேட்டிதான் இதற்கு நல்லது. கார்த்திகை, மார்கழியில் எந்தக் கவலையும் இல்லை, வடக்கு ஜன்னலில் நாள் முழுக்க எடுக்கலாம்.

திருப்பூரில் கம்பெனி வேலைக்குப் போகிறேன். வீட்டுக்கு வரவே ஏழு மணியாகிவிடும். ராத்திரி எடுத்தால் படத்தில் கறுப்பு வரிகள் ஓடுகின்றன, நிறமும் சரியில்லை.
— வாசகி, திருப்பூர்

வரிகளுக்குக் காரணம் உங்கள் எல்.இ.டி. விளக்கு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான விளக்குகள் அதோடு சேர்ந்து விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போனில் ‘ப்ரோ’ பகுதி இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். வரி மறைந்துவிடும். கையில் பிடித்து எடுத்தால் ஆடும் என்பதால் டிரைபாட் கட்டாயம்.

நிறத்துக்கு, அறையிலுள்ள மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மஞ்சள் பல்பு, இன்னொரு பக்கம் டியூப் லைட் என்றால் ஒரே வளையல் பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் வரும், செயலியில் அதைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம். ஒரே கம்பெனி, ஒரே வகை விளக்கு இரண்டு வாங்குங்கள். டப்பாவில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதன் அளவு அது. 90க்கு மேல் இருப்பதாகப் பாருங்கள். சாதாரண எல்.இ.டி. வெளிச்சத்தில் அடர்சிவப்பு குறைவு. அதனால்தான் அரக்குச் சிவப்பு காய்ந்த புளி நிறத்தில் தெரிகிறது.

முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்த வாரத்து நகைகளை மொத்தமாக எடுத்துவிடுங்கள். உடம்புக்கும் அது நல்லது.

மயில்கழுத்து நிறத்தில் வளையல் செட் அனுப்பினேன். ‘படத்தில் நீலம், வந்தது பச்சை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராணி பிங்க்கிலும் இதே தொல்லை.
— வாசகி, பரமக்குடி

மயில்கழுத்து உங்களுக்கே தெரியும், புடவையில்கூட ஒரு பக்கம் பார்த்தால் நீலம், மறுபக்கம் பச்சை. நூல் வளையலிலும் நூல் வட்டமாகச் சுற்றி ஓடுவதால், பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப பளபளப்பு மாறும். ஒரு படத்தில் அதைச் சொல்லவே முடியாது. கையில் போட்டு மெதுவாகத் திருப்பி, பத்து விநாடி வீடியோ எடுத்து அனுப்புங்கள். படத்துக்குக் கீழே நிறத்தின் பெயரையும் எழுதுங்கள். அரக்கு, எம்.எஸ். ப்ளூ, ராமர் பச்சை, வாடாமல்லி என்று எழுதினால் நம் பெண்களுக்கு அந்த நிமிடமே புரியும். ‘டார்க் ப்ளூ’ என்று எழுதினால் ஆளுக்கு ஒரு நீலம் நினைத்துக்கொள்வார்கள்.

ராணி பிங்க்கின் தொல்லை வேறு. போன்கள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக நிறத்தைத் தாமாகவே ஏற்றுகின்றன. ஏற்கெனவே பளிச்சென்ற நிறம் அதில் வழிந்துவிடும்; நூலின் வரிகள் அழிந்து பிளாஸ்டிக் வளையல்போலத் தெரியும். செட்டிங்கில் ‘சீன் ஆப்டிமைசர்’, ‘ஏஐ கேமரா’ என்று எது இருந்தாலும் அணைத்துவிட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். எடுத்த படத்தையும் வளையலையும் பக்கத்தில் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், முடிந்தால் வேறொருவர் போனிலும் பாருங்கள்.

வெள்ளை முத்துமாலை சாம்பல் நிறத்தில் வருகிறது. கறுப்பு டெரகோட்டாவும் சாம்பல் நிறத்தில் வருகிறது. போன் கெட்டுவிட்டதா?
— வாசகர், விழுப்புரம்

போன் நன்றாக இருக்கிறது. எதைக் காட்டினாலும் நடுத்தர வெளிச்சமாக்கிவிடுவதுதான் கேமராவின் கணக்கு. திரையைத் தொட்டால் ஒரு சூரியன் குறி வரும். முத்துக்கு அதை மேலே ஏற்றுங்கள், கறுப்புக்குக் கீழே இறக்குங்கள். டெரகோட்டாவுக்கு வெளிச்சம் மேலிருந்து வர வேண்டாம், பக்கவாட்டில் தாழ்வாக வரட்டும். கையால் கீறிய வேலைப்பாடெல்லாம் அப்போதுதான் தெரியும்.

‘சைஸ் சின்னது’ என்று வளையல் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. 2.6 கேட்டார்கள், 2.6தான் அனுப்பினேன்.
— வாசகி, ஈரோடு

இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. முதலாவது, 2.6 என்பது இரண்டு புள்ளி ஆறு அங்குலம் இல்லை. இரண்டு அங்குலமும், ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் ஆறு பங்கும். அதாவது உள்விட்டம் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். 2.4 என்றால் 57, 2.8 என்றால் 63.5. வாங்குகிறவர் வீட்டு ஸ்கேலில் 2.6 அங்குலம் என்று அளந்து சொல்லியிருந்தால் அது 66 மில்லிமீட்டர், உங்கள் கணக்கில் 2.10 ஆகிவிடும்.

இரண்டாவது, நூல் வளையலுக்கே உரியது. நீங்கள் கடையில் வாங்கும் வெறும் வளையல் 2.6. அதன்மேல் நூல் சுற்றும்போது உள்பக்கமும்தான் சுற்றுகிறீர்கள். பசையும் நூலும் சேர்ந்து உள்விட்டத்தைக் குறைத்துவிடும். எனவே சுற்றி முடித்து, பசை காய்ந்த பிறகு அளந்து, அந்த எண்ணை எழுதுங்கள். ஒரு படத்தில் வளையலின் குறுக்கே ஸ்கேலை வைத்து, மில்லிமீட்டர் கோடுகள் தெரியும்படி நேர் மேலிருந்து எடுங்கள். சாய்த்து எடுத்தால் அளவு பொய் சொல்லும். அழகாக இல்லையே என்று இந்தப் படத்தை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால், திரும்பி வரும் பார்சல்களைக் குறைப்பதில் இந்த ஒரு படம் மற்ற எல்லாப் படங்களையும்விட உதவும்.

கம்மலுக்கு ஸ்கேலோடு ஒன்றும், காதில் போட்டு ஒன்றும். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம், அதைப் பக்கத்தில் வைத்தாலும் எல்லோருக்கும் அளவு புரியும்.

என் மகன் ஒரு ஏஐ செயலியில் நகைப் படத்தைப் போட்டு, பின்னால் கோயில் தூண், குத்துவிளக்கு எல்லாம் வரவைத்துக் கொடுத்தான். ரொம்ப அழகாக இருக்கிறது. பயன்படுத்தலாமா?
— வாசகி, கும்பகோணம்

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் செய்த ஆரத்தில் பதக்கத்தின் கீழே ஒன்பது முத்து. செயலி கொடுத்த படத்தில் பதினொன்று. இரண்டு பக்கமும் இருக்கிற அன்னப்பறவைகளில் ஒன்றுக்குக் கழுத்து வேறு மாதிரி வளைந்திருக்கிறது. கெம்புக் கல்லைச் சுற்றி நீங்கள் கையால் வைத்த கம்பி வேலை வழவழவென்று வார்த்ததுபோல ஆகிவிட்டது. அது நீங்கள் செய்த ஆரம் இல்லை.

எனக்கு இதில் வருத்தமே அதிகம். கையால் செய்த நகையில் கல் ஒன்று நூலிழை அளவு தள்ளியிருக்கும், அதைத்தான் உங்கள் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்குகிறார். அந்தக் கையை அழித்துவிட்டு அச்சில் வார்த்த நகைபோலக் காட்டினால், அச்சு நகை விலைக்குத்தான் கேட்பார்கள். சட்டமும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்ப வாங்க மறுக்க முடியாது.

பின்னணியைத் துடைத்து வெள்ளையாக்குவது, படத்தை நேராக்குவது, வெளிச்சம் கூட்டுவது, இவ்வளவு செய்யலாம். நகையின் ஓரம் கடிபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். மகனிடம் கோயில் தூண் வேண்டாம் என்று சொல்லுங்கள். குத்துவிளக்கு உங்கள் வீட்டிலேயே இருக்கிறதே, அதைப் பக்கத்தில் வைத்து நிஜமாகவே எடுக்கலாம்.

நகைக்குப் பின்னால் என்ன வைக்கலாம்? வெற்றிலை, ரோஜா இதழ், அரிசி எல்லாம் வைத்துப் பார்க்கிறேன்.
— வாசகி, சேலம்

ஏதாவது ஒன்று போதும். வெற்றிலைமேல் ஜிமிக்கி என்றால் ரோஜாவை எடுத்துவிடுங்கள். கடப்பா கல், அம்மி, பருத்திப் புடவையின் கரையில்லாத பகுதி, இவை எந்த நகைக்கும் ஒத்துப்போகும். அமேசானில் போடுவதானால் முதல் படத்துக்கு இந்த அலங்காரம் எதுவும் கூடாது. சுத்த வெள்ளைப் பின்னணி, படத்தில் 85 சதவீதத்தை நகை நிரப்ப வேண்டும், எழுத்தோ லோகோவோ கூடாது என்பது அவர்கள் விதி. பெரிதாக்கிப் பார்க்க முடிவதற்கு நீளப் பக்கம் 1000 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

என் தங்கச்சிக்கு ஆரத்தைப் போட்டு எடுத்தேன். அவள் கொஞ்சம் நிறம் குறைவு. பியூட்டி பில்டர் போட்டால் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.
— வாசகி, வேலூர்

போடாதீர்கள். ‘நிறம் குறைவு’ என்றும் எழுதாதீர்கள், அவள் படித்தால் மனசு கஷ்டப்படும். மாநிறத்திலும் கறுப்பிலும் தங்க நிறம் தனியாக எழுந்து நிற்கும். வெளுத்த தோலில் அதே நகை கரைந்துவிடும். இத்தனை வருடம் விளக்குப் பிடித்து நான் பார்த்தது இது. தவிர, அந்த பில்டர் தோலோடு சேர்த்து நகையின் நுணுக்கத்தையும் வழித்துவிடும். கல்லின் முனை, கம்பியின் முறுக்கு எல்லாம் மழுங்கிப்போகும். உங்களிடம் வாங்குகிறவர்களிலும் முக்கால்வாசிப் பேர் உங்கள் தங்கச்சி நிறம்தானே. முகம் வெளியே தெரியலாமா என்பதை மட்டும் அவளிடமே கேட்டு, வேண்டாமென்றால் உதட்டுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

நான் எடுத்த படத்தை அப்படியே போட்டு, பாதி விலைக்கு விற்பதாக ஒரு பக்கம் விளம்பரம் செய்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, நாகர்கோவில்

படம் உங்களுடையது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு அதை எடுத்தவரே ஆசிரியர். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுக்குத்தான்.

முதலில் அவர்கள் பதிவைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இணைப்பையும் சேமித்து வையுங்கள். அப்புறம் அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கும், அதில் உங்கள் அசல் படத்தோடு புகார் கொடுங்கள். அசல் என்றால் வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் இல்லை. கேமராவிலிருந்து வந்த கோப்பு, எடுத்த தேதி அதற்குள்ளேயே இருக்கும். அதே நகையை வேறு கோணங்களில் எடுத்து வெளியிடாமல் வைத்திருக்கும் படங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள், திருடியவரிடம் அவை இருக்காது. இனிமேல் எடுக்கும்போது ஒவ்வொரு நகைக்கும் அப்படி இரண்டு மூன்று படங்களைத் தனியாக எடுத்து, மாதத்துக்கு ஒரு போல்டராக மெமரி கார்டில் போட்டு வையுங்கள்.